நோயில்லாத தளிர்

அம்மாசி: “கீழ் எலையெல்லாம் சீக்கு, மேல் தளிர் மட்டும் எப்டிப்பா சுத்தமா கீது?” கிளாஸ் அவுஸாண்ட நின்னு எம் பொண்ணு மணிமொழி கேட்டா. ஏழு வயசு. நீங்கல்லாம் சிரிச்சீங்க மேடம்.

மாளவிகா: சிரிச்சோம்... அதுக்குத்தான் இப்ப கேட் வரைக்கும் ஓடி வந்தேன், அம்மாசி.

அம்மாசி: ஐ.டி. கார்டு காட்டுங்க.

மாளவிகா: என்கிட்டயா?

அம்மாசி: வாட்ச்மேன் கேட்டே ஆவணும். பதினாறு வருசம் செடி வளத்தவன் நான்! நோவு வந்த புகையிலைச் செடிய தூக்கிட்டு நல்ல செடிய வெச்சிட்டேனாம். உங்க புரொபசர் ரகுபதி சார் எல்லார் முன்னாலயும் “ஏமாத்துக்காரன்”ன்னாரு. நாலு மாசமா லாரிக்குக் கதவு தொறக்கறேன். அடையாறு டிப்போ டீக்கடைக்காரன் கூட “செடிய மாத்திட்டியாமே”ன்னு கேக்கறான்...

மாளவிகா: நீங்க மாத்தலை. இந்த ஆராய்ச்சிப் பத்திரிகை நேத்துதான் தபால்ல வந்தது...

அம்மாசி: இங்கிலீசு. நீங்களே சொல்லுங்க.

மாளவிகா: வைரஸ் நுழைஞ்சா, செடி அந்த வைரஸோட ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டா நறுக்கிடறது. அந்தக் குட்டித் துண்டுகளை வெச்சு, அடுத்து வர்ற வைரஸை அடையாளம் கண்டு அழிக்கறது. மேல வர்ற தளிருக்கும் சேதி போயிடறதாம்.

அம்மாசி: செடி தன்னைத்தானே காப்பாத்திக்கிச்சு... நான் ஏமாத்துக்காரன்! நல்லா கீது நியாயம்! அவருகிட்ட காட்டினீங்களா?

மாளவிகா: காட்டினேன். “அதே செடின்னா, நோய் வந்த கீழ் இலை எங்கே?”ங்கறார்.

அம்மாசி: அன்னிக்கும் அதான் கேட்டாரு.

மாளவிகா: அம்மாசி... அந்த இலையையெல்லாம் பறிச்சது நான்.

அம்மாசி: எதுக்கு மேடம்?

மாளவிகா: சோதனைக்கு. நோட்டுல எழுத மறந்துட்டேன். அவர் கத்தினதும் பயந்து வாயை மூடிண்டுட்டேன். இப்ப டைரக்டருக்கே எழுதிக் குடுத்துட்டு வரேன். என் ஸ்காலர்ஷிப் போனாலும் போகட்டும். திங்கட்கிழமை நீங்க செடிகள்கிட்ட போலாம். என்னைத் திட்டுங்கோ.

அம்மாசி: நீங்க பறிக்கறப்ப நான் பாத்தேன் மேடம். ஓஸ் பைப்பைப் புடிச்சிக்கினு கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்.

மாளவிகா: பாத்தேளா! அப்ப ஏன் சொல்லலை? உங்க பேரே கெட்டுப்போச்சே!

அம்மாசி: வயிறு எரிஞ்சுது. இல்லைன்னு சொல்லல... போன வருசம் மணிமொழிக்கு டைபாய்டு. பதினோரு நாளும் லேட்டாதான் வந்தேன். தினமும் நான் வர்றதுக்கு முன்னாடியே தொட்டியெல்லாம் ஈரமா கீது. உங்க செருப்புல சேறு. நான் லேட்டுன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லல மேடம். அதான், நானும் சொல்லல.