அப்லோடு வேகம்

வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கிறவர்கள் எல்லோரும் டவுன்லோடு வேகத்தைத்தான் கேட்கிறார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அப்லோடு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் போல வீட்டிலேயே சொந்தமாக சர்வர் வைத்திருப்பவனுக்கு அதுதான் உயிர்.

மூன்று மாதம் அலைந்தேன். காளவாசலில் ஒரு கம்பெனி நூறு எம்பி என்றது, அப்லோடு பத்துதான். இன்னொன்றில் தெருவுக்கே பொதுவாக ஒரு ஐபி முகவரி. வெளியாள் என் சர்வருக்குள் வர வழியில்லை. கடைசியில் திருமங்கலத்துக் கேபிள்காரர் முகமது யாசீன்தான் ஏறவும் இறங்கவும் ஒரே வேகம், மாறாத முகவரி, கையைக் கடிக்காத வாடகை என்று கொடுத்தார்.

"வீட்டுக்கு எதுக்கு ராஜபாண்டிண்ணே இம்புட்டு ஸ்பீடு?" என்றார். கேமரா வைக்கப்போகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை.

என் வீடு நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. மொட்டைமாடியில் கேமரா வைத்து, சாலையை நேரலையாக விட்டேன். ஆடு, லாரி, பஸ். பத்துப் பேர் பார்த்தார்கள். வீட்டுக்கு எதிரே பாலத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஒருநாள் வேன் கவிழ்ந்தது. நேரலைக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். டிரைவர் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்ததற்கு ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டான். எனக்கு அருவருப்பாக இருந்தது. என்ன ஜனங்கள். ஆனால் சர்வர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

அப்புறம் பள்ளத்துக்கு முன்னால் எச்சரிக்கை போர்டு வைத்தார்கள். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பத்துப் பேர். அவ்வளவு தேடி எடுத்த கனெக்‌ஷன் சும்மா கிடந்தது. போர்டைப் படுக்கவைத்தேன். பார்த்தால் காற்றில் விழுந்த மாதிரி இருக்கும்.

பக்கத்துத் தெரு சங்கிலி அண்ணன், டிவிஎஸ்ஸில் காய்கறி விற்கிறவர், அதை நிமிர்த்தி வைத்தார். மூன்று தடவை.

"யாராச்சும் வந்து விழுந்துரப் போறாக தம்பி," என்று என்னிடமே சொன்னார்.

"நல்ல காரியம் செஞ்சீங்கண்ணே," என்றேன்.

நாலாவது தடவை போர்டைத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் போட்டேன். நீங்கள் எடுத்தது அதுதான்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. பள்ளமும் ரோடும் ஒரே தண்ணீராக நின்றன. போர்டு இருந்தால்தான் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். சங்கிலி அண்ணன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வந்தார். தங்கப்பொண்ணு மதினி கரையில் விழுந்தார். அண்ணன் உள்ளே, நட்டுவைத்திருந்த கம்பிகளின் மேல்.

நான் மாடியில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதினி பார்த்துவிட்டார்.

"ராஜபாண்டி! ஓடியாப்பா! இவுக கம்பியில மாட்டிக்கிட்டாக!"

"வாரேன் மதினி," என்றேன்.

இருபது நிமிடம் கழித்து ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். அதற்குள் அண்ணனுக்குப் பேச்சும் மூச்சும் நின்றுவிட்டது. அப்போது நேரலையில் பன்னிரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவனாவது நூற்றியெட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். மனிதர்களை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது.

போர்டை எடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் என்று மதினி சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ரத்தத்தை நேரில் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதனால்தான் உள்ளே போய், கடைசிவரை திரையில் பார்த்தேன்.