கேப்டன் அன்பரசியின் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, ஏரியூரிலிருந்து வந்து முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் கேப்டனின் கணவர் திரு. தீர்த்தகிரி அவர்களே, உறவினர்களே, சக பேராசிரியர்களே, மாணவச் செல்வங்களே! முறைப்படி எல்லோரையும் விளித்தாயிற்று. ஆனால் நான் முதலில் வணங்க வேண்டியவர்கள் இந்தப் பந்தலுக்குள் இல்லை. அதோ, வாசலிலிருந்து பந்தல் வரைக்கும் இரண்டு வரிசையாக, காக்கிச் சீருடையில், வெயிலில் நிற்கிறார்களே, அந்த என்.சி.சி. பிள்ளைகளே, உங்களுக்கு என் முதல் வணக்கம்!

நான் சென்னப்பன். இந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். விலங்கியல் பேராசிரியரும், நம் கல்லூரியின் தேசிய மாணவர் படை அதிகாரியாக இருந்தவருமான கேப்டன் முனைவர் அன்பரசி அவர்களோடு ஒரே மைதானத்தைப் பங்கு போட்டுக்கொண்டவன். எனக்குக் கபடி, அவருக்குப் பரேடு. சுண்ணாம்புக் கோட்டை யார் போடுவது என்று வாராவாரம் எங்களுக்குள் சண்டை. அந்தச் சண்டைக்கு இனி ஆள் இல்லை. போன வாரம் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இழந்துவிட்டோம்.

அழத்தான் வந்தேன், ஐயா. வாசலில் கட்டியிருக்கும் பிளெக்ஸைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளெக்ஸில் பாதி இடத்தில் தாளாளர் கைகூப்பி நிற்கிறார். மீதியில் பாதி, இன்னும் வந்து சேராத சிறப்பு விருந்தினர். ஓரத்தில் நம் கேப்டன், சல்யூட் அடித்தபடி. நல்ல படம்தான், ஒரு குடியரசு தினத்தில் எடுத்தது. ஆனால் அதில் அவர் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாளாளரைப் பார்த்தபடி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். இப்போது கேப்டன் அன்பரசி இடது கையால் சல்யூட் அடிக்கிறார்! எந்தப் படையில் ஐயா இடது கையால் சல்யூட் அடிப்பார்கள்? அதுவும் தாளாளருக்கு அடிக்கிறார்! உயிரோடு இருந்தவரை எவராலும் செய்ய வைக்க முடியாததை, செத்த பிறகு பிளெக்ஸ் கடையில் செய்து முடித்துவிட்டீர்கள். த்தூ!

முதல்வர் கையைக் காட்டுகிறார். சுருக்கிக்கொள்கிறேன், சார். மைக்கை மட்டும் அணைக்காதீர்கள். அணைத்தாலும் பரவாயில்லை, நான் மைதானத்தில் கத்திப் பழகியவன்.

அவர் என்ன பயிற்சி கொடுத்தார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. நாலு பேரைக் கூட்டி லெஃப்ட் ரைட் நடக்க வைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கையில் மேப்பும் காம்பஸும் கொடுத்துப் பென்னாகரம் தாண்டி மேட்டுக்காட்டில் இறக்கிவிடுவார். ஒகேனக்கல் சாலையில் குறித்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஒருமுறை பூவரசன் குழு வழி தவறி யாரோ ஒருவருடைய கடலைக்காட்டில் புகுந்துவிட்டது. காட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். மூச்சு இரைக்க ஓடி வந்த பிள்ளைகளிடம் கேப்டன் கேட்டது இதுதான்: "சரி, தப்பா வந்துட்டீங்க. எந்த எடத்துல தப்பினீங்கன்னு மேப்புல காட்டுங்க. காட்டினாத்தான் டீ." அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் டீ குடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பூவரசன் வழி தவறியதில்லை. இன்றைக்கு அவன்தான் வாசலில் நிற்கும் அந்த அணிக்குத் தலைவன், சீனியர் அண்டர் ஆபீஸர்.

இந்தப் பயிற்சி எதற்கு? என்.சி.சி.யின் கடைசித் தேர்வான 'சி' சான்றிதழில் நல்ல தரம் வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் கேப்டன் அன்பரசி. ஆனால் நம் நிர்வாகத்துக்கு அந்தச் சீருடையில் வேறொன்று கண்ணில் பட்டது. பைலட்டிங்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுதந்திர தின விழாவில் கொடியேற்ற வருபவருக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் அணிநடை போட்டு மேடை வரை அழைத்து வருவார்கள். அதுதான் பைலட்டிங். அது கொடிக்குச் செய்யும் மரியாதை. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? நகைக்கடைத் திறப்பு விழாவுக்குப் பைலட்டிங். தாளாளர் வீட்டுக் காதுகுத்துக்குப் பைலட்டிங். வந்தவனுக்குக் குடை பிடிக்க ஒரு பிள்ளை, சால்வைத் தட்டு ஏந்த ஒரு பிள்ளை, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை இலைக்குப் பின்னால் விறைப்பாக நிற்க ஒரு பிள்ளை! பெற்ற பிள்ளையை இப்படி நிறுத்துவீர்களா? சொல்லுங்கள், நிறுத்துவீர்களா?

கேப்டன் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாளாளரிடம் நேராகவே சொன்னார்: "சார், இது யூனிஃபார்முங்க. உங்க வூட்டு விசேஷத்துக்குக் கட்டுற சீரியல் லைட்டு இல்லைங்க."

அப்புறம் வந்தது அந்தப் பெட்ரோல் பங்க் திறப்பு விழா. அதே நாளில்தான் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி. அந்த நாளை விட்டால் தேர்வுக்கு முன் வேறு நாள் கிடையாது. கேப்டன் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். தாளாளரிடமிருந்து போன் வந்தது. "பிள்ளைங்க எங்கம்மா?" "சுட்டுட்டு இருக்காங்க சார். முடிஞ்சதும் நான் வர்றேங்க." சொன்னபடி வந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "வணக்கம் சார், விருந்தாளியா வந்திருக்கேனுங்க" என்று சொல்லி, பந்தியில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் பக்கத்து இலையில் இருந்தேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்!

அந்தப் பாயசத்துக்குத் தண்டனை வந்தது. பணிச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, என்.சி.சி. பொறுப்பைப் பிடுங்கி, அவரை விடுதிச் சாப்பாட்டைக் கவனிக்கப் போட்டார்கள். புதிதாக வந்தவருக்குப் பரேடு தெரியாது, பைலட்டிங் மட்டும் தெரியும். பயிற்சி நின்றது. விழாக்கள் நிற்கவில்லை. அப்படிச் செய்தவர்கள்தான் இன்று "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன நடிப்பு! என்ன அருவருப்பான நடிப்பு!

ஆனால் கேப்டன் ஓய்ந்துவிடவில்லை. மூன்றாமாண்டு மாணவி மெஹக், பென்னாகரம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜாவீத் பாயின் மகள், 'சி' தேர்வில் முதல் தரம் வாங்கியிருந்தாள். போபாலில் நேர்முகத் தேர்வு. அங்கே பீப்பாய், பலகை, கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் ஒரு குழுவையே பள்ளம் தாண்ட வைக்கச் சொல்வார்கள். அதற்கு இங்கே பயிற்சி ஏது? கேப்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியூரில் தன் சொந்தக் காட்டில் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகையும் பீப்பாயும் போட்டு மெஹக்கைப் பழக்கினார். பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டாராம்: "என்னா தீர்த்தகிரி, வாய்க்காலுக்கு மேல எதுக்குப்பா இத்தினி பாலம்? ஒண்ணு போதாதா?" தீர்த்தகிரி சொன்னாராம்: "எனக்கும் தெரியலைங்க. எங்கூட்டு கேப்டன் போடச் சொன்னாங்க, போடறேன்."

சிரிக்கிறீர்கள், தீர்த்தகிரி. சிரியுங்கள். அவர் இருந்தாலும் சிரித்திருப்பார்.

இப்போது கேளுங்கள். மெஹக்குக்குப் போபால் போகும் ரயில் இன்று பிற்பகல் சேலத்தில். அவள் எங்கே இருக்கிறாள்? அதோ, வாசலில், வரிசைக்கு முன்னால் நிற்கிறாள். சிறப்பு விருந்தினருக்குப் பைலட்டிங் செய்ய அவள்தான் பொருத்தமாம். காலையில் வருவதாகச் சொன்னவர் உச்சிவெயில் ஏறியும் வரவில்லை. அவர் வந்த பிறகு போகலாம் என்று உத்தரவு. அவள் அப்பா பயணப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் ஏன் ஓடிப்போகவில்லை? சீருடையில் நிற்பவர் கட்டளை இல்லாமல் அசையக் கூடாது என்று கேப்டன் கற்றுக்கொடுத்தார். அந்த ஒழுக்கத்தைத்தான் நீங்கள் தின்றுகொண்டிருக்கிறீர்கள்! அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டே, அவர் கடைசியாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வேலையைக் கெடுக்கிறீர்களே, இதைவிடக் கேவலம் உண்டா?

எனக்கு ரேங்க் கிடையாது. அணியைக் கலைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அணிக்குத் தலைவன் ஒருவன் இருக்கிறான். சீனியர் அண்டர் ஆபீஸர் பூவரசன்! எந்த இடத்தில் தப்பினோம் என்று உனக்கு இப்போது தெரிகிறதா? தெரிந்தால் கட்டளை கொடு. ஒன்று மட்டும் நினைவில் வை. அணி கலையும்போது, அதிகாரி களத்தில் இருந்தால் மட்டும்தான் சல்யூட். இல்லாவிட்டால் கிடையாது. இருக்கிறாரா, இல்லையா என்பதை நீயே முடிவு செய்.

அதுவரைக்கும் என் உறுதிமொழியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி மைதானம் முழுவதும் பரேடுக்குத்தான். சுண்ணாம்புக் கோட்டை நானே போடுவேன். ஏரியூர் வாய்க்காலில் இருக்கும் பலகைகளை அவிழ்க்க வேண்டாம், தீர்த்தகிரி. அடுத்த வருடமும் பிள்ளைகள் வருவார்கள்.

கேட்டதா? "விஸர்ஜன்!" அணியைக் கலைக்கும் கட்டளை அது, பூவரசன் குரல். எல்லோரும் திரும்பிப் பாருங்கள். தாளாளர் அவர்களே, நீங்களும் பாருங்கள். அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்பிவிட்டார்கள். கை உயர்கிறது. அத்தனை கையும் வலது கை!

கேப்டன் களத்தில்தான் இருக்கிறார். என் வண்டி வெளியே நிற்கிறது. ஜாவீத் பாய், பையை எடுங்க. சேலம் போகலாம்.