இருபது நாளை இருபத்தெட்டு என்று ஏற்காத சுடர்விழி அம்மையாருக்கு

2022 பிப்ரவரி 14, திங்கட்கிழமை, பாபநாசத்தை அடுத்த நம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் மூன்று முனைவர் பட்ட ஆய்வேடுகள் பதிவாயின. ஒன்று உமிச்சாம்பல் கலந்த கான்கிரீட்டின் வலுவைச் சோதித்தது. ஒன்று வாய்ப்புற்றுநோய்ச் செல்களைப் பற்றியது. மற்றொன்று, ஊழியரைத் தண்டிக்குமுன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற அரசியலமைப்புச் சட்டக் கடமையை ஆராய்ந்தது.

முப்பத்தோராண்டு ஆய்வுப் பிரிவைத் தாங்கி நின்றவரே! அட்டையைப் பார்த்து அனுப்பினால் போதும் என்ற நாற்காலியில் அமர்ந்து, அட்டைக்குள் இருப்பதை வாசித்தவரே! கீழ்வேளூர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பத்தில் பிறந்து, கண்காணிப்பாளராய் உயர்ந்து, ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவரே! வணக்கம்.

தாங்கள் அறிந்ததைத் தங்களிடமே சொல்வதில் பயனில்லை. ஆகவே அவைக்குச் சொல்கிறோம்.

பக்கங்களை எண்ணுவதும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுமே அம்மையாரின் வேலை. அவரோ முழுவதையும் வாசிப்பார். கான்கிரீட் கட்டியை வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எந்திரத்தில் நசுக்கி வலுவை அளக்க வேண்டும் என்பது அப்படி வாசித்து அறிந்ததுதான். அன்று வந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஆய்வகப் பதிவேட்டின் நகல் இருந்தது. வார்த்த நாள் ஜனவரி 22; நசுக்கிய நாள் பிப்ரவரி 11. அட்டவணையின் தலைப்போ ‘இருபத்தெட்டாம் நாள் வலு’. அந்த இருபத்தெட்டாம் நாள் வர இன்னும் ஐந்து நாள் இருக்க, ஆய்வேடு பைண்டிங் முடிந்து மேசைக்கு வந்துவிட்டது.

புற்றுநோய் ஆய்வேட்டில், மருந்திட்ட செல்கள் என்றும் மருந்திடாதவை என்றும் இரண்டு படங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டும் ஒரே படம். ஆய்வாளர் அம்சவல்லியை அழைத்துக் காட்டினார். அந்தப் பெண் படத்தைத் தானும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துச் சென்றார். பதினான்கு மாதம் சோதனைகளை மீண்டும் செய்தே பட்டம் பெற்றார்.

சட்ட ஆய்வேட்டை எழுதியவர் அன்றைய துணைப் பதிவாளர் தியாகராசன் அவர்கள். அதில் அம்மையார் ஒரு குறையும் காணவில்லை. நல்ல ஆய்வு என்று பிரிவில் எல்லோரிடமும் சொன்னார்.

மாத இறுதியில் தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அதற்குள் பட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும். கான்கிரீட் ஆய்வின் நெறியாளர் பேராசிரியர் இராஜாங்கம் மறுநாளே வந்து நின்றார்.

“நீங்க பக்கத்த எண்ணி அனுப்புங்கம்மா. கான்கிரீட்டு எங்க பாடு.”

“பக்கத்தத்தான் சார் எண்ணினேன். நாளும் கூடவே எண்ண வந்துடுச்சு. அஞ்சு மாசச் சம்பாவ நூறு நாள்ல அறுத்தேன்னு எழுதினா எங்க ஊர்ல சிரிப்பாங்க.”

அம்மையார் ஆட்சேபக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தார். கோப்பு அவரைத் தாண்டிப் போயிற்று. பட்டமும் வழங்கப்பட்டது.

மார்ச் முதல் வாரத்தில், தேநீர் நேரத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. சுற்றி வரும் தாளில் கையெழுத்திடுவது நம் அலுவலகப் பழக்கம், வாசிப்பது பழக்கமில்லை. அம்மையார் கோப்புகளைத் தேக்கிவைக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். இம்மடலில் ஒப்பமிடும் ஒவ்வொருவரும் அந்த நாற்பத்தொருவரில் அடக்கம்.

அத்தாளை ஆதாரமாக வைத்து, கடமையில் தவறியதாகக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு நின்றது. அம்மையார் விடுதிப் பொருள் கிடங்குக்கு மாற்றப்பட்டார். இதற்கென அமைத்த விசாரணைக் குழு அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. குழுவின் செயலராகக் கையெழுத்திட்டவர் தியாகராசன் அவர்கள்.

“என்னை ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார்,” என்று மட்டும் அம்மையார் அவரிடம் கேட்டாராம்.

“அது அரசு ஊழியருக்கும்மா. இது நம்ம உள் நிர்வாகம்.”

கிடங்கில் அம்மையார் மூன்றாண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே வேலை பார்த்தார். எங்களில் அங்கே போனவர் தட்டச்சர் நுஸைபா ஒருவரே. படிக்காமல் போட்டுவிட்டேன் அக்கா என்று அழுதிருக்கிறார்.

“படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டியா?” என்றார் அம்மையார்.

அந்தக் கேள்வியை நுஸைபா எங்களிடம் கொண்டுவந்து வைத்தார்.

இப்பணிநிறைவு விழாவுக்கு அழைக்கப் போனபோது அம்மையார் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “சால்வையெல்லாம் வேணாம்ப்பா. பணிப்பதிவேட்டுலேர்ந்து அந்தக் குறிப்பாணைய எடுக்கச் சொல்லுங்க. நான் போறதுக்குள்ள.”

பொய்யான ஒரு பட்டத்தை நிறுத்த முயன்றதே அவர் செய்தது. தவறியவர் என்ற பெயரோடு வெளியேறக் கூடாது என்பதே அவர் வேண்டியது. எங்கள் கையெழுத்துகளைத் திரும்பப் பெறுவதாகவும் குறிப்பாணையை நீக்க வேண்டும் என்றும் இவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று விண்ணப்பம் எழுதினோம். இம்முறை வாசித்துவிட்டே ஒப்பமிட்டோம். பதிவாளராகிவிட்ட தியாகராசன் அவர்களிடமே அதைக் கொடுத்தோம்.

அம்மையாரே! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்கட்டும். விரும்பிய நூல்களை, எவருடைய அவசரமும் இன்றித் தாங்கள் வாசிக்கும் ஆண்டுகள் பல வரட்டும். உடல்நலமும் நல்லுறக்கமும் தங்களோடு இருக்கட்டும். மன்னிப்பு எதையும் இம்மடலில் நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை எங்கள் கையாலேயே போக்கிக்கொண்டோம்.

எங்கள் விண்ணப்பத்துக்கு நேற்று பதில் வந்தது. அனைவர் தரப்பையும் நேரில் கேட்ட பின்னரே முடிவெடுக்கப்படும் என்றும், விசாரணை ஜூன் 12, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என்றும் அதில் உள்ளது. அம்மையாரின் பணிக்காலம் நாளை, மே 31 மாலை, முடிகிறது.

இங்ஙனம்,
ஆய்வுப் பிரிவு, பதிவேட்டுப் பிரிவு ஊழியர்கள்
30.05.2025