சின்னவ வந்தா ஓடுற கம்ப்யூட்டர்

அய்யோ, சத்தமா சொல்லாதீங்கண்ணே, அப்பா பக்கத்து ரூம்லதான் இருக்காரு. ராம் கார்டு லூசா இருக்கு, அவ்வளவுதானே? தெரியும். நாலு மாசமா இதோடதான் மல்லுக்கட்டறேன். ஆன் பண்ணா ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் இருட்டாவே இருக்கும், மூணு தடவை பீப் பீப்னு கத்தும். ஒயரை மாத்திப் பாத்தேன். உள்ள ரவுண்டா ஒரு பேட்டரி இருக்குல்ல, அதையும் மாத்தினேன். கரண்டு குடுக்கிற அந்த எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக்கூட புதுசா வாங்கிப் போட்டாச்சு. ம்ஹூம், அசையல.

இல்லண்ணே, அவ்வளவு பழசெல்லாம் இல்ல, ஆறு வருஷம்தான். அப்பா ரிட்டயர் ஆனப்ப என் தங்கச்சி வாங்கிக் குடுத்தது. சின்னவ, கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா, ரயில்ல அஞ்சு மணி நேரம். நல்லது கெட்டதுக்கு வரமாட்டா, லீவு கிடைக்கலம்பா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்பகூட போன்லதான் விசாரிச்சா. ஆனா கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சும்மான்னு இவரு ஒரு போன் போட்டா போதும், சனிக்கிழமை காலையில பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பா.

வந்து பெரிசா என்ன கிழிப்பான்னு நினைக்கறீங்க? மூடியைக் கழட்டுவா, இதுதாம்ப்பா ராம்னு உருவிக் காட்டுவா, பென்சில் அழிக்கிற ரப்பரால நாலு தேய் தேய்ச்சுத் திரும்பச் சொருகுவா. ஓடும்! அப்ப அப்பா முகத்தைப் பாக்கணுமே. என்னமோ அவ ராக்கெட் விட்ட மாதிரி கை தட்டுவாரு. பாத்தியாம்மா, பாத்தியாம்மான்னு என்னை வேற கூப்பிடுவாரு, நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து பாக்கணும். அஞ்சு வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்கறேன், கால் நகம் வெட்டி விடறேன். அதுக்கெல்லாம் யாரு கை தட்டினா? பொறாமைதாண்ணே. சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? வயிறு பத்தி எரியுது.

நானும் விடல. போன மாசம் ஒரு ரப்பர் வாங்கி, அவ செஞ்ச மாதிரியே செஞ்சேன். டக்குன்னு ஓடிடுச்சு! அப்பா, நானே சரி பண்ணிட்டேன்னு போய் நின்னேன். அவரு முகம் அப்படியே தொங்கிப் போச்சு. உனக்கு எதுக்கும்மா இந்த வேலைன்னாரு, அவ்வளவுதான். மறுநாள் காலையில மறுபடியும் பீப் பீப்.

புதுசு வாங்கலாம்னா அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு. கடைக்காரர் வாயால வந்தா கேட்டுக்குவாரு, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டதே. போர்டே போயிடுச்சு, இனிமே தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஸ்க்ரீனும் பெட்டியும் ஒண்ணாவே வருமாமே, லேசுல திறக்க முடியாதாமே, அது ஒண்ணு கொண்டாந்து வச்சிருங்க. பொய்தான், யாரு இல்லேன்னா? உங்க வியாபாரத்துக்கு நல்லதுதானே, ஏன் இப்படி முழிக்கறீங்க?

குழந்தைங்க யாராவது கழட்டி விட்டாங்களான்னா கேக்கறீங்க? இந்த வீட்டுல ஏதுண்ணே குழந்தைங்க? நானும் அப்பாவும்தான். இல்லண்ணே, தூசியும் இல்ல, தானா கழண்டுக்கவும் இல்ல. முந்தாநாள் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு சீக்கிரமா இறங்கி வந்தேன். அப்பா தரையில உக்காந்து, மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு, அந்தக் கார்டைப் பதமா வெளிய இழுத்துக்கிட்டிருந்தாரு. சட்டை பட்டன் போட என்னைக் கூப்பிடற கை அது. நான் சத்தம் காட்டாம மறுபடியும் மாடிக்கே போயிட்டேன். அரை மணி நேரத்துல போன் பண்ற சத்தம் கேட்டுச்சு, கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சும்மான்னு.

அவளை வரவழைக்கணும்னா வீட்டுல ஏதாவது ஒண்ணு கெடணும். நான்தான் இங்கயே கிடக்கேனே, எனக்காக அவரு எதைக் கழட்டி வைப்பாரு, சொல்லுங்க.