வெளித் தாழ்ப்பாள்

காலை பத்து மணிக்கு மேல் எங்கள் ஊர் வெயிலில் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது, ஐயா. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். கல்யாண வீட்டில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? விருதுநகரில் ஸ்டுடியோ வைத்த எனக்கு வாய்த்தது பொண்ணு மாப்பிள்ளையும் பாஸ்போர்ட் போட்டோவும்தான். முகூர்த்தம் இல்லாத நாளில் ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். வத்தல் காயும் களம், வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டும் பெண்கள், ரயிலடி டீக்கடை. எல்லாம் நல்ல படங்கள். ஒருத்தரும் சீந்தவில்லை. டிஜிட்டல் வந்த பிறகு, இன்னுமா சுருள் கழுவுகிறாய் என்று கேலி வேறு. வயிறெரிந்தது.

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குள் என்னை விட்டது போர்மேன் சங்கையா. அவர் மகள் சடங்குக்குப் படம் எடுத்த பழக்கம். தீபாவளி சீசன், முதலாளி ஊரில் இல்லை. ஃபிளாஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் எந்தக் காலத்தில் ஃபிளாஷ் போட்டேன்!

பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தும் அறையில் மாடத்தியும் இன்னும் மூன்று பெண்களும் இருந்தார்கள். அந்த அறைகளுக்கு எதிரெதிரே இரண்டு கதவு. வேலை நடக்கையில் இரண்டும் திறந்தே கிடக்க வேண்டும், ஓடுவதற்கு. இது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின்கதவு வெளிச்சத்தில் முகங்கள் கறுத்துப்போயின. அலுமினியத் தூள் படிந்து மின்னுகிற முகங்கள், ஐயா. விட மனசு வரவில்லை. பின்பக்கம் போய்க் கதவைச் சாத்தினேன். காற்று தள்ளியது. வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முன்வாசலில் நின்று எடுத்து முடித்தேன். கதவைத் திறந்துவிடத்தான் திரும்பப் பின்பக்கம் நடந்தேன். அப்போது முன்வாசல் ஓரத்து மருந்து பற்றிக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. வெடியாக இருந்தால் உடனே முடிந்திருக்கும். பூச்சட்டி மருந்து நின்று எரியும்.

பின்கதவுக்கு முதலில் வந்தது நான்தான். உள்ளிருந்து தட்டினார்கள். கதவை ஒட்டிய ஜன்னல் கம்பியை மாடத்தி பிடித்திருந்தாள். அந்த மாதிரி வெளிச்சத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சுருளில் மிச்சம் இருந்ததை எடுத்தேன். சங்கையா ஓடிவந்து தாழ்ப்பாளை நீக்கியபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

கதவைப் பூட்டி வேலை வாங்கியதாகச் சங்கையாவைக் கொண்டுபோனார்கள். வெளியாளை உள்ளே விட்டது தெரிந்தால் இன்னும் வினை என்று அவர் என் பெயரை எடுக்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானாகப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அப்படி ஒரு படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள யாரால் முடியும்? என் பெயரோடு போட்டார்கள். மாடத்தி மகள் அழகுமீனா அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நினைத்தேன். படத்தில் தெரிந்த தாழ்ப்பாள் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"கதவு வெளிய பூட்டிக் கெடக்கு. எங்கம்மா உள்ள உசுரோட நிக்கிறா. நீங்க எங்கன நின்னு எடுத்தீக அண்ணே?"

அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டது நான். கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். திறந்திருக்கலாம்தான். ஆனால் பாருங்கள், என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன.