சுசிலாவின் துடுப்பு எங்கே?

இறுவட்டு வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய வாமதேவன் அவர்களே! மேடையை அணி செய்யும் பெரியோர்களே! நாவலைக் கணினி விளையாட்டாக்கி இறுவட்டில், அதாவது சீடியில், அடைத்த சயந்தன் அவர்களே! லண்டனின் சவுத்தாலிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் ரயில் மாறி லூயிஷாம் வந்து சேர்ந்த தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, மேடையில் இடமின்றி மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த நாவலின் ஆசிரியை மரியநாயகி அம்மையாரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். பெறப்போவது இன்னதென்று அறியாமல் கைநீட்ட எனக்குத் தயக்கம். ஆகவே நாவலை மறுபடி படித்தேன். பிறகு சயந்தனிடம் கேட்டு வாங்கி விளையாட்டை விளையாடினேன். பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று அஞ்சி, இன்னொரு தடவையும் விளையாடினேன்.

நாவலில் சுசிலா யார்? ஐம்பதைக் கடந்த மருத்துவத் தாதி. யுத்தத்தில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, நோயாளரை வள்ளத்தில் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடந்தவள். துடுப்பைத் தொட்டறியாத கையால் துடுப்பெடுத்தவள். துணிந்தவள், துவளாதவள், துணையாய் நின்றவள்!

விளையாட்டில் சுசிலா யார்? வயது பாதியாகிவிட்டது, உடுதுணி பாதியிலும் பாதியாகிவிட்டது. கொள்ளையரின் குகைக்குள் சங்கிலியில் கிடந்து "காப்பாற்றுங்கள்" என்று கதறுகிறாள். அவளுக்கு வேறு வசனமே இல்லை. வள்ளம் வலிப்பவன் வாட்டசாட்டமான ஒரு வாலிபன். நாவலில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை!

பின்னால் நின்று பார்த்த என் மனைவி தவநாயகி கேட்டாள்:

"இஞ்சருங்கோ, உவள் எப்ப எழும்பி வேலையைப் பார்க்கப் போறாள்?"

"எழும்ப ஏலாதப்பா. கட்டிப் போட்டிருக்கு."

"அப்ப நோயாளியள்?"

"அவையள் இதிலை இல்லை."

"நல்ல நேர்ஸ்! ஷிப்டும் இல்லை, சீலையும் இல்லை!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு நாவலின் முன்னுரை நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. சுசிலா என்ற பெயரில் மரியநாயகி அம்மையார் எழுதியது தம் சொந்த அக்கா எமில்டாவை. அந்த எமில்டா கரை சேர்த்தவர்களில் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் எதை வாழ்த்துவது?

யாரது? "ஐயா, உது விளையாட்டுத்தானே" என்கிறீர்களா? ஓம் தம்பி, விளையாட்டுத்தான். அதை உங்கள் மகள் யாராக இருந்து விளையாடுவாள்? வாலிபனாகலாம், கொள்ளையனாகலாம், குகைக் காவலனாகலாம். சுசிலாவாக மட்டும் ஏலாது! அவள் இதில் ஆள் அல்ல. கடைசியில் கிடைக்கும் பரிசு! வள்ளத்தை ஓட்டியவளை வெல்லும் பொருளாக்க யார் உரிமை தந்தது?

"உப்பிடிச் செய்தால்தான் விக்கும் ஐயா" என்று சயந்தன் என்னிடம் சொன்னார். துணிவு விற்காதா? துணி குறைந்தால்தான் விற்குமா? அம்மையார் இதைக் கதையென்று நம்பித் தந்தாரா, சரக்கென்று தந்தாரா?

இதோ, தாம்பாளத்தில் முதற்பிரதி வந்துவிட்டது. தலைவர் அவர்களே, மன்னியுங்கள். என் கை இதை வாங்க நீளாது. சுசிலாவின் கைக்குத் துடுப்பு திரும்பி வரட்டும். அன்று முதல் ஆளாய் வந்து வாங்குவேன். அதுவரை இந்த மேடையில் எனக்கு இருக்கை வேண்டாம். மரியநாயகி அம்மா, இது உங்களுடைய நாற்காலி.

எழுந்துவிட்டார்! தாய்மார்களே, சற்று வழிவிடுங்கள். யாரும் கைத்தாங்கலுக்கு ஓடவேண்டாம். அவர் தாமாகவே நடந்து வருவார்.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு நன்றி. நான் மூன்றாம் வரிசைக்குப் போகிறேன். வணக்கம்.