பெரிய பேனா ரொம்ப பிசி

“ஹலோ... யாரு?... அட, நீயா! நம்பர் மாத்திட்டியா?... ஓ, பழைய நம்பர்தானா. என் போன்ல பேரு வரல, அதான்.”

பேர் வந்தது. ‘சின்ன பேனா’ என்று பளிச்சென்று வந்தது. கொஞ்ச நேரம் மணியடிக்க விட்டு, தொண்டையைச் செருமி, தலைக்கு மேல் வேலை உள்ளவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டுதான் பெரிய பேனா போனை எடுத்தாள்.

ஒரே டிவி தொடருக்கு, ஒரே மேசையில் உட்கார்ந்து இருவரும் வசனம் எழுதிய காலத்தில் படப்பிடிப்பில் வைத்த பெயர்கள் அவை. மூத்தவள் பெரிய பேனா. அவளிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவள் சின்ன பேனா. பெரியது இன்னும் அதே தொடரில் இருக்கிறது. சின்னது வெப் சீரிஸ் எழுதப் போய், இப்போது எங்கே பார்த்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு.

“ஆங்... ஆங்... பாத்தேன் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு... முழுசா எங்கடி? முதல் எபிசோடு, அதுவும் பாதி. எனக்கு எங்க நேரம்? தினம் ஒரு எபிசோடு கொட்டியாகணும். உங்களுக்கென்ன, மொத்தமே ஆறு. அதுக்கு ஒரு வருஷம். ஏசி ரூம், வெள்ளை போர்டு, கலர் கலரா சீட்டு... ம், பேட்டியில பாத்தேன்ல. அந்த நீலச் சட்டை உனக்கு எடுப்பா இருந்துச்சு.”

பேட்டியில் தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். சொன்னாள். ‘என் குரு’ என்றாள். அதில்தான் வயிறு இன்னும் எரிந்தது. குரு என்று யாரைச் சொல்வார்கள்? ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைத்தானே!

“சரி, என்ன விஷயம்?... இரு இரு, வாசல்ல பெல் அடிக்குது. ஒரு நிமிஷம்.”

பெல் அடிக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் குரலில் ஏதோ நல்ல சேதி இருந்தது. விருது கிருது என்று எதையாவது சொல்லித் தொலைத்தால் இன்றைக்குத் தாங்க முடியாது. காலையில்தான் சேனலிலிருந்து சொல்லியிருந்தார்கள், இந்த மாதத்தோடு தொடரை முடித்துக்கொள்ளுங்கள் என்று. ஒன்பது வருடம் சோறு போட்ட தொடர். அடுத்த மாதம் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டைரக்டரையும் தன்னையும் தவிர இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆங், சொல்லு. கொரியர்... என் சீரியலா? முடியப்போகுதா? யாரு கிளப்பி விட்டது? இன்னும் மூணு வருஷம் இழுங்கன்னு காலைப் பிடிக்கிறாங்கடி! இப்ப எவனாவது தங்கத்தட்டுல வச்சு வேலை குடுத்தாக்கூட, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவேன்... என்ன, சத்தத்தையே காணோம்?... ம்... என் ஹீரோயினா? அதே கதைதான். இன்னும் புருஷன்கிட்ட உண்மையைச் சொல்லல. எப்படிச் சொல்லுவா? வாயைத் திறந்தா காலிங் பெல் அடிக்குமே!”

அது பெரிய பேனாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுத்ததும் காலிங் பெல் அடிக்கும். அது சலித்தால் போன் வரும். இந்த ஒரு வித்தையை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டலாம். சின்னவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதைத்தான்.

“சிரிக்காத. எங்க ஜனங்க டிவியைப் பாக்கறதில்ல, கேக்கறாங்க. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறவங்களுக்கு எல்லாத்தையும் வாயால சொல்லியாகணும். உன்னை மாதிரி ஒரு பொம்பளையைக் காருக்குள்ள உக்கார வச்சு, சாவியை எடுக்கறதும் திரும்பப் போடறதுமா, வீட்டுக்குள்ளயும் போகாம, ஒரு வார்த்தையும் பேசாம... எங்க ஆளுங்க டிவி ரிப்பேர்னு தட்டிப் பாப்பாங்க!... என்ன?... அது ஆறாவது எபிசோடா?... யாரோ சொன்னாங்கடி. மேக்கப் அக்கா... ஏன், அவங்களுக்குச் சாவி ஞாபகம் இருக்கக் கூடாதா?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறு எபிசோடும் ஒரே மூச்சில் பார்த்தாயிற்று. கார் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த இடத்தில் தானாக இருந்தால் என்ன வசனம் வைத்திருப்போம் என்று யோசித்தாள். எதை வைத்தாலும் காட்சி கெட்டுப்போனது. லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டாள்.

“சரி, எதுக்குக் கூப்பிட்ட?... ரெண்டாவது சீசனா? நல்லது, நல்லது... ஐயையோ, டைரக்டர் இன்னொரு லைன்ல வர்றாரு, ஒரு செகண்ட்... என்னது?... நம்ம டெக்னிக்கா? நானா? சத்தியமா டைரக்டர்டி!... சரி... சரி, கோவிச்சுக்காத. வாயை மூடிக்கறேன், சொல்லு.”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டபின் கேட்காமல் என்ன செய்வது?

“ம்... ம்... எழுதற ரூம்ல ஒரு இடம் காலியா... ம்... இன்னைக்கே பேரு சொல்லணுமா... யாரை?... என்னையா நினைச்ச?... அப்புறம்?... நான் பிசின்னு சொன்னதால... அந்த எட்டு மணி சீரியல்காரனையா! அவன் என் வசனத்தைப் பாத்து எழுதறவன்டி!”

தங்கத்தட்டு வந்திருந்தது. வருவதற்கு முன்பே அதைக் கும்பிட்டு அனுப்பியிருந்தாள். இப்போது மாற்றிச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். பெரிய பேனா வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து போன் பீப் பீப் என்றது. திரையில் டைரக்டரின் பெயர். இம்முறை நிஜமாகவே அவர்தான், நாளைய காட்சியைக் கேட்டு.

“...நீ வச்சுடாத. அவர் அடிச்சா அடிக்கட்டும்... அவனைப் போடாதடி. நான் வர்றேன்... ஆமா, பிசியும் இல்ல ஒண்ணும் இல்ல. சீரியலை முடிக்கச் சொல்லிட்டாங்க... ‘ஐயோ அக்கா’ன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்! ஆறையும் பாத்தேன். வயித்தெரிச்சல்ல தூக்கமே வரல. அந்த நீலச் சட்டையும் உனக்கு எடுப்பாவே இல்ல... ம்... தெரியும், உன் கீழதான். நீ போர்டுல எழுதுவ, நான் கையைத் தூக்கிட்டுப் பேசணும்... எதுக்குச் சிரிக்கிற?... அவனை நீ கேக்கவே இல்லையா? என் வாயைப் பிடுங்கத்தான் சொன்னியா? அடிப்பாவி, என் வித்தையை எங்கிட்டயேவா!”

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கார் சீன்... ரூம்ல அத்தனை பேரு இருந்தீங்கல்ல, யாரு எழுதினது? நீ இல்லன்னு மட்டும் சொல்லு, நிம்மதியா வந்து உக்காந்துடறேன்.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. பெரிய பேனா அதில் எந்த வசனத்தையும் நுழைக்காமல் காத்திருந்தாள்.

“...நீயேதானா.”

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

“...சரி. ஒண்ணாம் தேதி எத்தனை மணிக்கு வரணும்?... பத்தா? அதுக்குள்ள நாங்க ஒரு எபிசோடே முடிச்சுடுவோம்... சிரி, சிரி. வைக்கிறேன், டைரக்டர் மறுபடியும் கூப்பிடறாரு... ஏய், இந்தத் தடவை நிஜமாவேடி!... ஹலோ?... ஹலோ?”